ஏர்வாடியிலிருந்து அயனாவரம் வரை: ஆறு நாள் குறிப்புகள்

முதல் நாள். ராமநாதபுரம், ஏர்வாடி

சித்தி நேற்றே வந்துவிட்டார். நான் ஊரில் இல்லாத இந்த ஆறு நாளும் அம்மாவுக்குத் துணையாக வீட்டில் இருப்பார். இதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், ஏனென்றால் எங்களைப் போன்ற வீடுகளில் ஒருவர் வெளியூர் கிளம்ப வேண்டுமென்றால் அந்த இடத்துக்கு இன்னொருவர் வந்து உட்கார வேண்டும்.

அண்ணனுக்கு இருபத்திரண்டு வயதில் ஸ்கிசோஃப்ரினியா வந்தது. தமிழில் மனச்சிதைவு என்கிறார்கள், அந்தச் சொல் எனக்குப் பிடிப்பதில்லை. இப்போது அவனுக்கு நாற்பத்தொன்று. குரல்கள் கேட்பது ஏறக்குறைய நின்றுவிட்டது, ஒழுங்காகத் தூங்குகிறான், மாத்திரையை அவனே எடுத்துப் போடுகிறான். போன மாதம் டாக்டர், "மருந்து செட் ஆகிடுச்சு, இனி ரிஹாபிலிடேஷன் பாருங்க" என்றார், அதாவது மறுவாழ்வு. எங்கே சார் என்று கேட்டேன். நல்ல மனிதர், யோசித்துப் பார்த்தார், பதில் இல்லை. அடுத்த நோயாளி கதவருகே நின்றுகொண்டிருந்தார். அவர் சொன்ன அந்த 'இனி' எங்கே இருக்கிறது என்று பார்க்கத்தான் கிளம்பியிருக்கிறேன்.

ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை வழியாக டவுன் பஸ். மனநோய் தீரும் என்று நம்பி ஆட்களைக் கூட்டிவரும் தர்கா உள்ள ஊர். ஏர்வாடி என்றாலே 2001 ஆகஸ்ட் 6. விடியும் முன் ஒரு மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்ததால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே எடுத்து நடத்திய அந்த வழக்கின் தலைப்பில் இன்றும் 25 பேர் என்றுதான் இருக்கிறது. அந்த மூன்று பேர் எண்ணிக்கையிலும் பிந்தி வந்தவர்கள் என்று ஒவ்வொரு முறை படிக்கும்போதும் தோன்றும்.

தர்காவைச் சுற்றி இப்போது அந்த மாதிரிக் கொட்டகைகள் எதையும் நான் பார்க்கவில்லை. அரசு மனநல மருத்துவர்கள் தர்கா அருகிலேயே வந்து பார்க்கிறார்கள், தவா-துவா என்று பெயர், மருந்தும் பிரார்த்தனையும். இது நல்ல யோசனை என்றே நினைக்கிறேன். நம்பி வந்தவர்களைத் திட்டித் திருப்பி அனுப்பாமல், வந்த இடத்திலேயே மாத்திரையையும் கொடுப்பது.

மதியம் நிழலில் ஓர் அம்மாவும் மகனும் படுத்திருந்தார்கள். மகனுக்கு முப்பது இருக்கும். அந்த அம்மா தன் முந்தானை நுனியை அவன் மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார். இறுக்கமே இல்லை, பூச்சரம் முடிவது மாதிரி. அவன் புரண்டு படுத்தால் சேலை இழுபடும், இவருக்கு விழிப்பு வரும். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"எந்திரிச்சுப் போயிருவான் தம்பி. ரெண்டு தடவ கடற்கரையில போயிப் புடிச்சேன்."

"மாத்திரை போடுறாரா அம்மா?"

"போடுறான். மாத்திரையெல்லாம் ஓசியாத்தான் குடுக்குறாக. நாந்தான் தூங்கி எத்தன நாளாச்சு."

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, மனநோய் உள்ள யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. சரியான சட்டம். ஆனால் அந்த அம்மா ஒரு ராத்திரி தூங்குவதற்கு யாராவது வந்து பக்கத்தில் உட்கார வேண்டும், அது யார் என்பதைப் பற்றி அந்தப் பிரிவில் ஒன்றும் இல்லை.

லாட்ஜுக்கு வந்த பிறகும் அந்த முடிச்சு மனதை விட்டுப் போகவில்லை. எங்கள் வீட்டில் அண்ணன் அறைக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கிறது. 2014இல், அவன் நடுராத்திரி பைபாஸ் ரோட்டில் நடந்து போய் லாரிக்காரர்கள் கூட்டிவந்து விட்ட மறுநாள் அப்பா போட்டது. அப்பா போய் ஐந்து வருஷம் ஆகிறது. தாழ்ப்பாளை நாங்கள் யாரும் இப்போது போடுவதில்லை. கழற்றவும் இல்லை.

இரண்டாம் நாள். புதுக்கோட்டை

இன்று எழுத நிறைய இருக்கிறது.

புதுக்கோட்டைக்கு வரக் காரணம் ஒரு பஸ். மனச்சிதைவு நோய்க்காகச் சென்னையில் இயங்கும் ஸ்கார்ஃப் தொண்டு நிறுவனம் 2010இல் இந்த மாவட்டத்தில் ஒரு பேருந்தையே மனநல கிளினிக்காக மாற்றி ஊர் ஊராக அனுப்பியது. நோயாளி பஸ்ஸுக்குள் உட்காருவார், டாக்டர் சென்னையிலிருந்து திரையில் பேசுவார், மருந்தை அங்கேயே வாங்கிக்கொண்டு இறங்கலாம். வீடியோ காலில் டாக்டரைப் பார்ப்பது இன்று சாதாரணம். அன்று இந்தக் கிராமங்களில் அது எவ்வளவு பெரிய விஷயமாக இருந்திருக்கும்! ஒரு நாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறி, தனியாக வர முடியாத ஆளைக் கூட்டிக்கொண்டு நகரத்துக்குப் போவதுதான் முடியாத காரியம். அதைத் தலைகீழாக மாற்றினார்கள்.

நான் இன்று முழுக்கச் சுற்றியது ஒரு சமூகப் பணியாளர் அக்காவின் ஸ்கூட்டியில், பின்னால் உட்கார்ந்து. பெயரும் அவர் வேலை செய்யும் இடமும் எழுத வேண்டாம் என்றார். பன்னிரண்டாவது வரை படித்தவர், பயிற்சி எடுத்துக்கொண்டு இந்த வேலைக்கு வந்திருக்கிறார். அவர் பொறுப்பில் முப்பத்துச் சொச்சம் வீடுகள். ஒரு நீள நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம். நோய் பெயர் எழுதியிருக்கும் என்று எட்டிப் பார்த்தேன். முதல் வரியில் 'ஆடு வளர்த்தவர், கணக்கு நல்லா வரும்' என்று இருந்தது. இன்னொரு பக்கத்தில் 'சத்தம் ஆகாது, காலையில் போகக் கூடாது'.

ஒரு வீட்டிலும் "மாத்திரை போட்டீங்களா" என்று அவர் ஆரம்பிக்கவில்லை. கேட்டேன். "அதக் கேக்கத்தான் வீட்ல எல்லாரும் இருக்காங்களே சார். நேத்து எங்க போனீங்கன்னு கேக்கத்தான் ஆளில்ல" என்றார். நான் அண்ணனிடம் தினமும் பேசும் முதல் வாக்கியம் என்ன என்று யோசித்துப் பார்த்தேன், அதற்கப்புறம் கொஞ்ச நேரம் என்னால் ஒன்றும் பேச முடியவில்லை.

மூன்றாவது வீட்டில் ஓர் அம்மா, நாற்பத்தைந்து வயது இருக்கும், திண்ணையில் பூக் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு இரண்டு மொட்டாக எதிரும் புதிருமாக வைத்து, வாழைநாரை ஒரு சுற்று, ஒரு இழுப்பு. மருந்தால் விரல்கள் லேசாக நடுங்குகின்றன, அதனால் மொட்டை எடுப்பதற்குக் கொஞ்சம் நேரம் ஆகிறது. ஆனால் முடிச்சு விழும் கணத்தில் விரல் நடுங்கவில்லை, அதை நான் பலமுறை பார்த்தேன். ஏழு வருஷம் வீட்டின் பின்கட்டில் இருந்தவர். அக்கா முதல் ஆறு மாதம் வந்தபோது ஒரு வார்த்தை பேசவில்லையாம். ஒரு நாள் அக்கா தலையில் வைத்திருந்த பூவைப் பார்த்து "கட்டு தளர்ந்திருக்கு" என்றாராம். அதைப் பிடித்துக்கொண்டார் அக்கா. அடுத்த வாரம் கால் கிலோ மொட்டும் நாரும் வாங்கிப் போனார். இப்போது கோயில் வாசலில் பூ விற்கும் ஒரு பாட்டி இவரிடம் தினமும் கட்டக் கொடுக்கிறார். காசு இவர் கையில். ரேஷன் கார்டிலிருந்து எடுத்துவிட்டிருந்த பெயரைத் திரும்பச் சேர்க்க அக்கா தாலுகா ஆபீசுக்கு நான்கு முறை அலைந்திருக்கிறார். அந்தக் கார்டை உள்ளே போய் எடுத்துவந்து காட்டினார், விரலை வைத்துத் தன் பெயரை மட்டும் வாசித்தார்.

இந்த மாதிரி வேலைக்கு ஆதாரம் இருக்கிறதா என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது. காஞ்சிபுரம், கோவா, மகாராஷ்டிரத்தின் சத்தாரா என்று மூன்று இடங்களில் 282 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2014இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான மருத்துவம் மட்டும், இன்னொரு பிரிவினருக்கு அதோடு சேர்த்து இந்த அக்கா மாதிரியான ஒருவர் வீடு தேடி வருவது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்ததில் ஆள் வந்த வீடுகளில் முன்னேற்றம் கூடுதல். அதிசயம் எதுவும் நடக்கவில்லை, மொத்தமாகப் பார்த்தால் வித்தியாசம் சுமார்தான், ஆனால் காஞ்சிபுரத்துக் கிராமப்புறத்தில் அது நன்றாகவே தெரிந்தது. டாக்டர் எட்டாத இடத்தில்தானே இந்த ஆளுக்கு வேலை அதிகம்.

என் ஆதங்கம் இதுதான். மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் நாட்டிலேயே நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது அதில் ஒன்று பக்கத்திலிருக்கும் திருச்சி. இன்று எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது. அந்தக் குழுவில் இருக்கும் சில பேர் ஒரு மாவட்டம் முழுவதற்கும். அவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முறை வைத்து வருகிறார்கள், மருந்து வருகிறது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், அண்ணன் அந்த மருந்தில்தான் இருக்கிறான். ஆனால் வீட்டுக்கு வரும் ஆளுக்குச் சம்பளம் பெரும்பாலும் ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்தின் நிதியில் ஓடுகிறது. நிதி மூன்று வருஷம் என்றால் அக்காவும் மூன்று வருஷம். "அடுத்த வருஷம் இருப்பீங்களா" என்று கேட்டதற்குச் சிரித்தார்.

2021இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்ததிலிருந்து எங்கள் தெருவுக்கும் ஒரு சகோதரி வருகிறார். அம்மாவுக்கு பி.பி. பார்க்கிறார், சர்க்கரை மாத்திரை தருகிறார், கால் வீக்கம் எப்படி என்று கேட்கிறார். அண்ணன் அறை வாசலைத் தாண்டித்தான் அடுக்களைக்குப் போக வேண்டும், அந்த அறையில் யார் இருக்கிறார் என்று அவர் கேட்டதில்லை. அவர் மேல் தப்பில்லை, அவர் கையிலிருக்கும் படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை. சர்க்கரைக்கு வாசல்வரை வரத் தெரிந்த அரசுக்கு இதற்கும் வரத் தெரியும் என்று நான் நம்புகிறேன். ஒரு பயிற்சியும், படிவத்தில் நான்கு வரியும், அவருக்குக் கூடுதல் சம்பளமும் வேண்டும்.

மூன்றாம் நாள். குணசீலம்

திருச்சியிலிருந்து சேலம் ரோட்டில், காவிரியின் வடகரையில். பிரசன்ன வெங்கடாசலபதி கோயில். மனநோய் உள்ளவர்களை ஒரு மண்டலம், 48 நாள், தங்க வைப்பது இங்கே வழக்கம். பூஜை முடிந்து முகத்தில் தீர்த்தத்தை வேகமாகத் தெளிக்கிறார்கள். ஒரு பையன் திடுக்கிட்டு, அப்புறம் சிரித்தான். அவன் அப்பாவும் சிரித்தார், ரொம்ப நாளைக்கப்புறம் சிரிக்கிற மாதிரி இருந்தது.

கோயிலுக்குப் போவதை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை, அங்கேயே மருந்தை நிறுத்தச் சொல்கிறவர்களோடு அதைவிட உடன்பாடு இல்லை. தென் தமிழ்நாட்டில் ஒரு கோயிலில் தங்கியிருந்த 31 பேரைப் பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை மருத்துவர்கள் கவனித்து எழுதியது 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. நோயின் அறிகுறிகள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தன. அங்கே தனிச் சடங்கு ஒன்றும் இல்லை, காலையில் எளிமையான பூஜை, கூட ஒரு சொந்தக்காரர், பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. யாரும் விரட்டாத ஓர் இடம். அதை வாசித்தபோது எனக்குப் பட்டது, எங்கள் வீட்டில் அண்ணனுக்கு ஒரு வேலையும் கொடுத்ததில்லை, பாவம் என்று.

ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ். இன்றைக்கு இவ்வளவுதான், மேல் பெர்த்தில் உட்கார்ந்து எழுத முடியவில்லை.

நான்காம் நாள். அயனாவரம்

கீழ்ப்பாக்கம் என்று ஊரெல்லாம் சொல்லும் அரசு மனநல ஆஸ்பத்திரி அயனாவரம் பக்கம், மேடவாக்கம் டேங்க் ரோட்டில் இருக்கிறது. தமிழில் ஒருவரைக் கேலி செய்ய இந்த ஊர்ப் பெயர் ஒன்றே போதும். பள்ளிக்கூடத்தில் என்னை "கீழ்ப்பாக்கத்தான் தம்பி" என்று கூப்பிட்டிருக்கிறார்கள், அண்ணன் சென்னையையே பார்த்தது இல்லை.

1794இல் தொடங்கிய மருத்துவமனை, இப்போதுள்ள வளாகத்துக்கு வந்தது 1871இல். உள்ளே மரங்கள் அதிகம். புறநோயாளிகள் பகுதியில் காலை எட்டு மணிக்கே கூட்டம். 1961இலிருந்து 1978வரை இதற்குக் கண்காணிப்பாளராக இருந்தவர் டாக்டர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். உள்ளே இருப்பவர்களுக்கு வேலை வேண்டும் என்று தொழிற்சிகிச்சையைக் கொண்டுவந்தார். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் உட்காராமல் 1984இல் ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தொடங்கினார், 2021 டிசம்பரில் தொண்ணூற்றெட்டு வயதில் காலமானார். முந்தாநாள் எழுதிய பஸ் இவர் போட்ட பாதையில் ஓடியதுதான்.

வெளியே ஒரு பெஞ்சில் என்னைப் போலவே காத்திருந்த ஒரு பெரியவரோடு பேச்சு. தங்கச்சியைக் கூட்டி வந்திருந்தார், எழுபதை நெருங்கும் அண்ணன், அறுபது தாண்டிய தங்கை. "எனக்கப்புறம் யாரு?" என்றார். இந்தக் கேள்விக்கு நான் இதுவரை யாரிடமும் பதில் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் அந்த 'யாரு' நான்தான் என்பதால்.

நாடு முழுவதும் 43 அரசு மனநல மருத்துவமனைகளில் எடுத்த கணக்கு 2019இல் வெளியானது. உள்ளே இருந்தவர்களில் 36 சதவீதத்துக்கும் மேல் ஒரு வருஷத்தைத் தாண்டியவர்கள். நோய் தணிந்தும் போக இடம் இல்லாதவர்கள் இவர்களில் நிறைய. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது: குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை, ஊரில் வசதி இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை உள்ளே வைத்திருக்கக் கூடாது, ஹாஃப்வே ஹோம் (ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவில் தங்கும் இல்லம்), குழு இல்லம் மாதிரியானவற்றை அரசு 'நியாயமான காலத்துக்குள்' ஏற்படுத்தித் தர வேண்டும். சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018 மே மாதம். நியாயமான காலம் என்பதற்குத் தேதி கிடையாது. அந்தப் பெரியவருக்கு மட்டும் உண்டு.

மாற்றுத்திறனாளி சர்டிபிகேட் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் மனநோயும் ஒரு ஊனம், 40 சதவீதம் இருந்தால்தான் பெரும்பாலான சலுகை. தன்னைப் பார்த்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை என்று நான்கிலும் மதிப்பெண் போட்டு, நோய் எத்தனை வருஷம் என்பதையும் சேர்ப்பார்கள். அண்ணனைக் கூட்டிப்போன அன்று அம்மா அவனுக்குச் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, தலை சீவி விட்டார். பெரிய மனிதர்கள் முன்னால் போகிறான் என்று. ஆள் நன்றாகத்தானே இருக்கிறார் என்று சொல்லி 40க்குக் கீழே போட்டுவிட்டார்கள். அம்மா அந்தச் சட்டையை அப்புறம் அவனுக்குப் போட்டுவிடவே இல்லை.

ஐந்தாம் நாள். சென்னைக்கு வெளியே ஒரு வாடகை வீடு

வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993இல் பான்யன் அமைப்பைத் தொடங்கியபோது, தெருவில் அலைந்த பெண்களுக்கு ஓர் இடம் என்பதே பெரிய விஷயம். குணமாகியும் வீடு திரும்ப முடியாதவர்கள் காப்பகத்திலேயே தங்கிப் போனார்கள். 2015இல் வேறு வழியை யோசித்தார்கள்: சாதாரணத் தெருவில் சாதாரண வீடு, நான்கைந்து பேர் குடும்பம் மாதிரி, உதவிக்கு ஓர் ஆள். ஹோம் அகெய்ன் என்று பெயர். பல அமைப்புகள் அதைப் பார்த்துச் செய்கின்றன. நான் இன்று போனது அப்படி ஒரு வீடு, யாருடையது என்று எழுத மாட்டேன், குடியிருப்பவர்கள் கேட்டுக்கொண்டது அது.

நான்கு பெண்கள். வாசலில் கோலம். செருப்பை விடும்போதே உள்ளே சண்டை கேட்டது, துவரம்பருப்பா பாசிப்பருப்பா என்று. அதைக் கேட்டு எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பதினெட்டு வருஷம் வேறு யாரோ தட்டில் போட்டதைச் சாப்பிட்டவர் ஒருவர், அவர்தான் துவரம்பருப்புக் கட்சி.

அவர் தன் அறையைக் காட்டக் கூப்பிட்டார். கட்டில், ஒரு சின்ன பீரோ, முருகன் காலண்டர். நான் உள்ளே போனதும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார், திறந்தார், மறுபடி போட்டார். பித்தளைத் தாழ்ப்பாள், கைபட்டுப் பட்டு ஓர் இடம் மட்டும் மஞ்சளாகப் பளபளத்தது. "உள்ளதான் இருக்கு பாருங்க தம்பி" என்றார். "நான் போட்டாத்தான் போடும்."

உதவியாளர் அங்கேயே தங்குகிறார், வாரம் ஒருநாள் விடுப்பு. அவர் சம்பளமும் வீட்டு வாடகையும்தான் இந்த ஏற்பாட்டின் பெரிய செலவு. பெரிய கட்டடமோ வார்டோ வேண்டாம். அரசும் இதில் கை வைத்திருக்கிறது, புதுக்கோட்டை மாதிரி சில மாவட்டங்களில் தெருவில் இருப்பவர்களுக்கான மீட்பு மையங்கள் தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து நடக்கின்றன. மீட்டு, சிகிச்சை கொடுத்து, அப்புறம் எங்கே என்ற இடத்தில்தான் இந்த மாதிரி வீடுகள் வேண்டும். மாவட்டத்துக்குப் பத்து வீடு. இதைக் கேட்டு எல்லா எம்.எல்.ஏ. ஆபீஸ் படியும் ஏறத் தயாராக இருக்கிறேன், என்னோடு வரக்கூடிய குடும்பங்கள் விருதுநகர் பக்கம் இருந்தால் சொல்லுங்கள்.

கிளம்பும்போது ஊருக்குப் போன் பண்ணினேன். அம்மாவிடம் பேசிவிட்டு அண்ணனிடம் கொடுக்கச் சொன்னேன். "நேத்து எங்க போனண்ணே?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சித்தி கூட மாவு அரைக்கப் போனேன். கரண்ட் இல்ல. மறுபடி போகணும்" என்றான்.

ஆறாம் நாள். வீடு

நெல்லை எக்ஸ்பிரஸ் விருதுநகருக்கு விடிந்தும் விடியாமலும் வந்து சேர்ந்தது. சித்தி காபி போட்டுக் கொடுத்தார், இன்று மதியம் கிளம்புகிறார். அடுத்த முறை அவரால் வர முடியுமா தெரியாது, அவருக்கும் முட்டிவலி.

கடை திறந்ததும் போய் நான்கு இன்ச் தாழ்ப்பாள் ஒன்று வாங்கி வந்தேன். அம்மா அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "எதுக்குடா, திடீர்னு ஏதாவதுன்னா?" என்றார். அந்தப் பயம் நியாயமானது, அதை நான் மறுக்கவில்லை. டாக்டரிடம் வாசலில் நின்றே போனில் கேட்டேன், போடுங்கள், மாற்றுச் சாவி மாதிரி வெளியிலிருந்து திறக்க வழி வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அதனால் ஒற்றைத் திருகாணியில் வெளியிலிருந்து எடுக்கிற மாதிரி தச்சர் ஒருவரிடம் பேசி வைத்திருக்கிறேன், நாளை வருவார்.

அப்பா போட்ட பழைய தாழ்ப்பாளின் ஆணிகள் துருப்பிடித்திருந்தன. நான்கில் மூன்று வந்துவிட்டன, ஒன்று அசையவில்லை. அண்ணன் எழுந்து வந்து கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் சமையலறைக்குப் போய்த் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து வந்து அந்த ஆணியின் மேல் இரண்டு சொட்டு விட்டான்.

"ஊறட்டும்" என்றான்.